ஏந்திய கையில் போனை வைத்துவிட்டார்கள்

கரிக்கோல் எழுதியது:

வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதுபவள் இல்லை, வாசிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் வந்த சிறுகதைக்குப் படம் வரைந்து கொடுத்தேன். சன்னலோரம் ஒரு பெண். வெளியே மழை. கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்து வைத்திருக்கிறாள். கையில் எதுவும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இன்னும் விழவில்லை. கதையில் அவள் ஒருவருக்காகக் காத்திருக்கிறாள், அந்த ஆள் வரப்போவதில்லை. அந்தக் கையை மட்டும் பதினேழு, பதினெட்டு தடவை வரைந்து பார்த்தேன். விரல்களைக் கொஞ்சம் கூடுதலாக மடக்கினால் யாசிப்பதுபோல் ஆகிவிடும். நிமிர்த்தினால் வழியனுப்புவதுபோல் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் பிடிபட்டதும்தான் படம் முடிந்தது.

போன வாரம் அதே படத்தை ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். குழித்த கைக்குள் ஒரு போன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியிருக்கிறது. அதன் வெளிச்சம் முகத்தில் விழுவதாகக் காட்டக் கன்னத்தில் நீலம் பூசியிருக்கிறார்கள். பார்வையையும் கீழே இறக்கியிருக்கிறார்கள். மழை மட்டும் அப்படியே பெய்துகொண்டிருக்கிறது. மூலையில் இருந்த என் கையெழுத்து இல்லை.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாற்றும் உரிமை உட்பட. அவர்கள் அதை விளம்பரக்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். வழக்குப் போட வழி உண்டா என்று கேட்க வரவில்லை. என் கேள்வி வேறு. நானும் விளம்பரங்களுக்கு வரைகிறவள்தான். அந்த வேலையைக் குறைவாக நினைத்ததே இல்லை. அப்படியிருக்க இது மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது? ஒரு படம் விளம்பரமாகும்போது, சரியாக எந்த இடத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது?

பின்னட்டை எழுதியது:

வாசித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் படத்துக்கு 130 வயதுக்கு மேல் மூத்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். அவன் கதையைச் சொல்கிறேன்.

1886இல் ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே தன் பேரனை உட்காரவைத்து ஒரு படம் வரைந்தார். சுருள்முடிச் சிறுவன், மடியில் கிண்ணம், கையில் ஊதுகுழாய். அண்ணாந்து பார்க்கிறான், தலைக்கு மேலே ஒரு சோப்புக் குமிழி மிதக்கிறது. ஒரு பக்கம் தொட்டியில் துளிர்த்து நிற்கும் செடி, மறுபக்கம் உடைந்து கிடக்கும் தொட்டி. நீர்க்குமிழி வாழ்க்கை என்று நாம் சொல்வோமே, அதேதான் அங்கேயும். ஐரோப்பிய ஓவியத்தில் பல தலைமுறைகளாகக் குமிழிக்கு அந்த அர்த்தம் உண்டு. மில்லே அதற்கு வைத்த பெயர் 'ஒரு குழந்தையின் உலகம்'.

'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையை நடத்திய வில்லியம் இங்கிராம் பதிப்புரிமையோடு சேர்த்து அதை வாங்கினார். அவரிடமிருந்து பியர்ஸ் சோப்பு நிறுவனத்தின் தாமஸ் பாரட் வாங்கினார். படத்தின் முன்பக்கத்தில் ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்தார்கள், நிறுவனத்தின் பெயரைப் போட்டார்கள். மில்லேயால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உரிமை கைமாறிப் போயிருந்தது. படத்துக்கும் 'பபிள்ஸ்', அதாவது 'குமிழிகள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தச் சிறுவன் வளர்ந்து பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரலாகவே ஆனார். அப்போதும் 'பபிள்ஸ்' என்ற பட்டப்பெயர் அவரை விடவில்லை.

கவனியுங்கள், ஒரு கோட்டைக்கூட அவர்கள் அழிக்க வேண்டியிருக்கவில்லை. உடைந்த தொட்டி அங்கேயேதான் கிடந்தது. ஒரு சோப்பு வந்து சேர்ந்ததும் அதைப் பார்க்க ஆளில்லாமல் போனது. ஆயுளைப் பற்றிய படம் நுரையைப் பற்றிய படமாகிவிட்டது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பார்க்கிறவரின் கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை வரைந்தவர் கையிலிருந்து யார் எடுத்துக்கொள்கிறாரோ, அங்கே படம் மாறிவிடுகிறது.

நடுப்பக்கம் எழுதியது:

இருபது வருடமாக விளம்பரத் துறையில் ஆர்ட் டைரக்டராக இருக்கிறேன். கரிக்கோலுக்கு நடந்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விளம்பரம் தொட்டாலே ஓவியம் கெட்டுவிடும் என்கிற திசையில் பேச்சு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

1891இல் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக், பாரிஸின் 'முலன் ரூஜ்' நடன விடுதிக்கு வரைந்த போஸ்டரை நிதானமாகப் பாருங்கள். அவருடைய முதல் போஸ்டர் அது. நடுவில் லா குலூ என்ற நடனக்காரி ஆடுகிறாள். அவள் உள்பாவாடையின் வெள்ளை எங்கிருந்து வந்தது தெரியுமா? அது வெறும் காகிதம். மை படாமல் விட்ட இடம். பின்னால் நிற்கும் கூட்டம் மொத்தமும் ஒரே கறுப்பு நிழல், தொப்பிகளின் விளிம்பு மட்டும் தெரியும். முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு நெட்டை மனிதன், கிட்டத்தட்ட நம் பார்வையை மறித்துக்கொண்டு நிற்கிறான். கூட்டத்துக்குள் எட்டிப் பார்க்கிற உணர்வு நமக்கு வருவது அவனால்தான். மேலே விடுதியின் பெயர் மூன்று வரிகளில் மூன்று தடவை வரும், மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய 'எம்'.

இந்தத் துணிச்சலை அவருக்குக் கொடுத்தது விளம்பரம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நடந்து போகிறவன் நிற்க மாட்டான், அவனுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று விநாடி. நுணுக்கமாக நிழல் கொடுத்தால் அவன் கண்ணில் ஏறாது. ஆகவே வேண்டாததைத் தூக்கி எறியத்தான் வேண்டும். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களிலிருந்து அவர் கற்றதும் அதைத்தான். அந்தப் படங்களிலும் பல, நாடகத்துக்கும் நடிகர்களுக்கும் விளம்பரமாகப் புழங்கியவையே.

இன்னொன்று, பெர்லினில் லூசியன் பெர்ன்ஹார்ட் ஒரு தீப்பெட்டி நிறுவனத்தின் போட்டிக்கு வரைந்தது. 1900களின் தொடக்கம். முதலில் மேசை, கட்டம்போட்ட விரிப்பு, சாம்பல் கிண்ணம், சுருட்டு, புகைக்குள் ஆடும் பெண்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது இரண்டு தீக்குச்சி, 'பிரீஸ்டர்' என்ற தீப்பெட்டியின் பெயர், இருண்ட பின்னணி. நடுவர்கள் முதலில் அதைக் குப்பையில் போட்டதாகவும், தாமதமாக வந்த ஒருவர் அதை வெளியே எடுத்துப் பரிசுக்குரியது என்று வாதாடியதாகவும் ஒரு கதை உண்டு. பரிசு கிடைத்தது. ஜெர்மனியில் ஒரு போஸ்டர் பாணியே அதிலிருந்து கிளம்பியது.

கரிக்கோல், உங்கள் படத்தில் போனை வைத்தவர் கலைக்கு மட்டும் துரோகம் செய்யவில்லை, எங்கள் தொழிலுக்கும் செய்திருக்கிறார். காத்திருக்கும் கை ஒன்று கிடைத்தும் அதை அடைத்து வைத்தது மோசமான டிசைன். வெறுங்கையை அப்படியே விட்டு, கீழே ஒரே வரி எழுதியிருக்க வேண்டும். அப்போதும் உங்களைக் கேட்டுவிட்டு.

கல்லச்சு எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நடுப்பக்கம் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்தக் காலத்துப் போஸ்டர் தாளில் வரைந்து முடிகிற காரியம் இல்லை. 1790களின் கடைசியில் செனிஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு முறை அது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைய வேண்டும். பிசின் கலந்த அமிலக் கரைசலைப் பூசி, பிறகு கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது, மொத்தத் தொழில்நுட்பமும் அதுதான். எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுத வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். நான்கு நிறம் என்றால் நான்கு கல், நான்கு தடவை தாளை ஏற்ற வேண்டும், ஒரு மயிரிழை தள்ளினால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

லோத்ரெக் கல்லில் தானே வேலை செய்தார், தூரிகையை உதறி மையைத் தெளிக்கிற வித்தை அவருக்குக் கைவந்தது. எல்லோரும் அப்படி இல்லை. பல பட்டறைகளில் ஓவியர் வரைந்து கொடுப்பார், அதைக் கல்லுக்கு மாற்றி நிறம் நிறமாகப் பிரிப்பது அங்கே கூலிக்கு இருந்த கைகள். கையெழுத்து ஓவியருடையது. அந்தக் கைகளின் பெயர்கள் எங்கேயும் இல்லை. கையெழுத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

இப்போது எழுதத் தயங்கிய விஷயம். நான் ஆஃப்செட் அச்சகத்தில் படங்களைச் சரிசெய்யும் வேலையில் பல வருடம் இருந்தேன். கணினி வருவதற்கு முன்னால். கரிக்கோல் அம்மா, உங்கள் படத்தில் நடந்ததை நானே என் கையால் செய்திருக்கிறேன். ஒரு ஓவியர் வரைந்த படம், திண்ணையில் ஒரு பெரியவர் தூங்குகிறார். ஃபோர்மேன் வந்து, பக்கத்தில் ஒரு பாட்டில் வேண்டும் என்றார். ஏர்பிரஷை எடுத்து வைத்தேன். பெரியவரின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் பாட்டிலின் நிழலையும் விழவைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஓவியரிடம் யாராவது கேட்டார்களா என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

புதுத்தூரிகை எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நன்றி.

டிசைன் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் சோப்புப் பெட்டியை அப்படியே காட்சிக்கூடத்தில் வைத்தபோது அது கலை என்றார்கள். விளம்பரத்திலிருந்து கலைக்குப் போகலாம் என்றால், கலையிலிருந்து விளம்பரத்துக்கு வருவது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

பின்னட்டை எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்வி.

ஹார்வி ஓவியர். தடித்த வண்ணமும் வேகமான தூரிகை வீச்சும் கொண்ட அரூப ஓவியங்கள் வரைந்தவர், நியூயார்க்கில் கண்காட்சிகள் வைத்தவர். ஓவியம் சோறு போடாததால் பொட்டலங்களும் அட்டைப் பெட்டிகளும் வடிவமைத்தார். 1961இல் பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ சோப்பு நாருக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். வெள்ளைப் பெட்டி, அதைச் சுற்றி ஆறு ஓடுவதுபோல் சிவப்புப் பட்டைகள். பெயரில் மெய்யெழுத்துகள் நீலம், உயிரெழுத்துகள் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே 'சுத்தம்' என்கிற உணர்வு வரும்.

வார்ஹோல் நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர். 1950களில் அவர் செருப்பு விளம்பரங்களுக்கு வரைந்து பெயரெடுத்தவர். கலைக்கூடத்துக்குள் நுழையத் துடித்த விளம்பர ஓவியர் அவர். வயிற்றுக்காக விளம்பரத்துக்குப் போன கலைக்கூட ஓவியர் ஹார்வி. 1964 ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டேபிள் கலைக்கூடத்தில் இந்த இரண்டு பாதைகளும் குறுக்கிட்டன. ஒட்டுப்பலகையில் பெட்டிகள் செய்து, பட்டுத்திரை முறையில் பிரில்லோ, ஹைன்ஸ், கெலாக்ஸ் என்று அச்சடித்துக் கிடங்குபோல் அடுக்கியிருந்தார் வார்ஹோல். தொடக்க நாளில் ஹார்வியும் போயிருந்தார். தன் பெட்டி அங்கே அடுக்கியிருப்பதை நேரில் பார்த்தார்.

அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்தர் டாண்டோ என்ற தத்துவ அறிஞர், கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் எப்படிக் கலையாகிறது என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். கலைத் தத்துவத்தில் அது பெரிய திருப்பம். மறு வருடமே கனடாவின் சுங்கத்துறை அந்தப் பெட்டிகளைச் சிற்பமாக ஏற்காமல் வணிகச் சரக்கு என்று சொல்லி வரி கேட்டது. ஹார்வி அந்த 1965இலேயே நோயில் இறந்துபோனார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போவதும் குற்றமில்லை, வருவதும் குற்றமில்லை. நான் பார்ப்பது வேறு ஒன்று. வார்ஹோலின் பெட்டி, 'இதோ ஒரு பெட்டி, பாருங்கள்' என்று நம்மை நிறுத்துகிறது. அந்த அளவில் அது ஹார்வியின் டிசைனுக்குக்கூட மரியாதை செய்கிறது. ஆனால் அவர் பெயரை அது சொல்லவில்லை. கரிக்கோலின் படத்தில் நடந்ததும் அதுவே: படம் தேவைப்பட்டது, வரைந்தவர் தேவைப்படவில்லை. திசை எதுவானாலும் அங்கேதான் உறுத்துகிறது.

கட்டம்கட்டமாய் எழுதியது:

பின்னட்டை சொல்வதற்குப் பக்கத்திலேயே சித்திரக்கதை ஓவியர்களையும் நிறுத்த வேண்டும். அமெரிக்க ஓவியர் லிக்டன்ஸ்டைன் 1963இல் வரைந்த 'வாம்!' என்ற பிரம்மாண்டமான விமானச் சண்டை ஓவியம் உலகப் புகழ் பெற்றது. முந்தைய வருடம் வந்த ஒரு போர் சித்திரக்கதைப் புத்தகத்தில் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்திலிருந்து பிறந்தது அது. சித்திரக்கதைக்காரர்களுக்குப் பக்கக் கணக்கில் கூலி. பல நேரம் பெயர்கூட அச்சாகாது.

லிக்டன்ஸ்டைன் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கட்டங்களை இணைத்தார், விமானங்களை இடம் மாற்றினார், அச்சின் புள்ளிகளைக் கண்ணில் அடிக்கிற மாதிரி பெரிதாக்கினார். ஆனாலும் நோவிக்கின் கோடு எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. வேகமும் பயமும் அதில்தான் இருக்கின்றன.

அப்புறம், இது பழைய காலத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படம் எடுத்தார். 1984இல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு தடவை பயன்படுத்த அனுமதி வாங்கியது. அதைப் பார்த்து வரைந்தவர் வார்ஹோல். ஆனால் அவர் ஒன்றோடு நிறுத்தவில்லை, ஒரு வரிசையே செய்திருந்தார். 2016இல் பிரின்ஸ் இறந்ததும் அதில் இன்னொரு படம் பத்திரிகை அட்டையில் வந்தது. வார்ஹோல் அறக்கட்டளைக்குப் பணம் போனது, கோல்ட்ஸ்மித்துக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2023இல் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒரு புகைப்படம் என்ன வேலைக்காக விற்கப்படுகிறதோ, அதே வேலைக்கு அதன் நகலை விற்றால் 'நான் அதை மாற்றிவிட்டேன்' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது என்பதுதான் சாரம்.

நடுப்பக்கம் எழுதியது:

பெயர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். நைக்கியின் வளைந்த குறியை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. வாங்கிய கூலி 35 டாலர். லோகோவில் கையெழுத்துப் போட இடமில்லை, அது அந்த வேலையின் இயல்பு. 1983இல் அந்த நிறுவனமே அவரை அழைத்துப் பங்குகளும், அந்தக் குறி பதித்த மோதிரமும் கொடுத்தது. வடிவமைப்பாளர் மில்டன் கிளேசரின் 'ஐ லவ் நியூயார்க்' இதய வடிவம் இன்னொரு வகை: காசு வாங்காமல் ஊருக்காகச் செய்து கொடுத்தார். கூலி எவ்வளவு என்பது இங்கே முக்கியமே இல்லை. வரைந்தவர் தெரிந்து, சம்மதித்துக் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி.

உட்பிரிவு எழுதியது:

ஒப்பந்தங்களோடு வேலை செய்கிறவன் நான். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பொருளாதார உரிமைகளை விற்ற பிறகும், 'இதைச் செய்தது நான்' என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் படைப்பாளியிடமே இருக்கும் என்கிறது அது. தார்மீக உரிமை என்பார்கள். நாட்டுக்கு நாடு இதன் பலம் வேறுபடும். சில இடங்களில் எழுதிக் கொடுத்தால் அதையும் இழக்கலாம், சில இடங்களில் முடியாது.

அமெரிக்காவில் 1990இல் ஓவியர்களுக்காக இப்படி ஒரு சட்டம் வந்தது. அதன் வரையறையிலேயே போஸ்டர், பயன்பாட்டுக் கலை, விளம்பரப் பொருள் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டார்கள். கலைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று இந்த இழையில் இவ்வளவு பேசுகிறோம், அங்கே ஒரு வாக்கியத்தில் கிழித்துவிட்டார்கள். லோத்ரெக்கின் போஸ்டர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கும்.

கரிக்கோல், அடுத்த ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும்' என்ற சொற்றொடரைக் கண்டால் நிறுத்திவிடுங்கள். எந்த இதழ், எவ்வளவு காலம், என்ன பயன்பாடு என்று எழுதச் சொல்லுங்கள். வேறு பயன்பாட்டுக்குப் போனால் உங்களைக் கேட்க வேண்டும் என்றும், மாற்றினால் காட்ட வேண்டும் என்றும் இரண்டு வரி போதும். பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கரிக்கோல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எதற்காக வலித்தது என்று இப்போது எனக்கே தெரிகிறது. நடுப்பக்கம் சொன்னபடி வெறுங்கையோடு விட்டு ஒரு வரி எழுதியிருந்தால், அது எந்தப் பொருளுக்கான விளம்பரமாக இருந்தாலும் நான் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். ஆகவே எனக்கு விளம்பரத்தோடு சண்டை இல்லை. அந்தப் பெண் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். போனை வைத்தவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பின்னட்டையோடு ஒரு சின்ன மறுப்பு. பெயர் போட்டிருந்தால் உறுத்தல் தீர்ந்திருக்கும் என்று தோன்றவில்லை. அந்த நீலக் கன்னத்துக்குக் கீழே என் பெயர் இருந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

கல்லச்சு ஐயா, நீங்கள் வருந்த வேண்டாம். நிழலைச் சரியான பக்கம் விழவைத்தேன் என்று எழுதினீர்களே, அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. உங்களையும் யாரும் எதுவும் கேட்கவில்லைதானே.

மூலப் படம் என்னிடம்தான் இருக்கிறது. அதை இன்னொரு தடவை வரையப் போகிறேன், பெரிய தாளில், வேறு கோணத்தில், எனக்காக. இந்தத் தடவை கையெழுத்தை எங்கே போடுவது என்று யோசிக்கிறேன்.

கல்லச்சு எழுதியது:

மூலையில் போடாதீர்கள் அம்மா. மூலையில் இருப்பதை எடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தாளை வெட்டினாலே போய்விடும். வெற்றுச் சுவர்மீது போட்டாலும் அப்படித்தான், சுவர் நிறத்தைப் பூசினால் முடிந்தது.

ஒரே ஒரு ஓவியரின் கையெழுத்தை மட்டும் என்னால் எடுக்க முடியாமல் போனது. புடவை மடிப்புக்குள்ளேயே எழுதியிருந்தார், மடிப்பின் கோடும் எழுத்தின் கோடும் ஒன்றுதான். அதை எடுத்தால் மடிப்பு போகும், மடிப்பு போனால் முழங்கால் போகும், மொத்தப் புடவையையும் திரும்ப வரைய வேண்டும். ஃபோர்மேனிடம் காட்டினேன். நேரமில்லை, அப்படியே விடு என்றார்.

உங்கள் படத்தில் நீட்டிய கை இருக்கிறது. உள்ளங்கை ரேகையில் போடுங்கள்.